ஒரு மில்லிமீட்டர் எஃகு

காரின் கியர்பெட்டிக்குள் ஒரு பற்சக்கரத்தின் பல் இன்னொன்றின் பல்லைத் தொட்டு உருளும் இடம் ஒரு மெல்லிய கோடுதான் என்றாலும், வண்டியை இழுத்துச் செல்லும் விசை முழுவதும் அந்தக் கோட்டின் வழியாகவே கடந்து செல்கிறது. அந்த அழுத்தத்தில் பல்லின் மேற்பரப்பு தேயாமலும் குழி விழாமலும் இருக்க வேண்டுமானால் அது கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமாக இருந்தாக வேண்டும்; ஓட்டுநர் கிளட்சைச் சட்டென்று விடும்போது விழும் அதிர்ச்சியில் அதே பல் அடியோடு முறிந்துவிடாதிருக்க, அதன் உட்பகுதி சற்றே நெகிழ்ந்துகொடுப்பதாகவும் இருந்தாக வேண்டும். இரும்பின் இயல்பில் இவ்விரண்டும் எளிதில் சேர்ந்து வருவதில்லை. கடினம் கூடக் கூட நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. நெகிழ்வைக் கூட்டினால் தேய்மானம் கூடுகிறது.

இந்த முரண்பாட்டுக்குக் காரணமும், அதைத் தீர்க்கும் வழியும் கார்பன் என்னும் ஒரே தனிமம்தான். எடையில் 0.2 சதவீதம் மட்டுமே கார்பன் கொண்ட எஃகைச் செஞ்சூடாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் அது ஓரளவுக்கு மேல் கடினமாவதில்லை. ஆனால் அடியைத் தாங்கும். கார்பன் 0.8 சதவீதமாக உயர்ந்த எஃகைத் தோய்த்தால் அது அரத்துக்கும் அசையாத கடினத்தைப் பெறுகிறது. ஆனால் ஓங்கி அடித்தால் உடைகிறது. ஆகவே பற்சக்கரத்தைக் கார்பன் குறைந்த எஃகில் கடைந்து, பற்களையும் வெட்டி முடித்த பிறகு, அதன் தோலாக அமையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் கார்பனைப் புகுத்தினால், ஒட்டோ பற்றவைப்போ இல்லாமல் ஒரே உருவத்துக்குள் இருவகை எஃகு உருவாகிவிடும். பட்டறைகளில் கேஸ் ஹார்டனிங் என்று வழங்கப்படும் இந்த மேற்பரப்புக் கடினமாக்கல், முலாம் பூசுவதிலிருந்தும் வண்ணம் அடிப்பதிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. முலாம் உலோகத்தின் மேல் அமர்கிறது. இங்கே அயல் அணுக்கள் உலோகத்துக்குள்ளேயே நுழைந்து அதன் பகுதியாகிவிடுகின்றன. வெப்பமும் வேதிவினையும் சேர்ந்து இதைச் செய்வதால் இத்தகையவற்றை வெப்பவேதியியல் முறைகள் என்பர்.

அயல் அணு நுழைவதற்கு இடம் வேண்டும். அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெர்ரைட் எனப்படும் இந்த அமைப்பின் இடைவெளிகள் மிகக் குறுகியவை என்பதால், அதிகபட்சமாக 0.02 சதவீதம் கார்பனையே அது கரைத்துக்கொள்ளும். தூய இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது அணுக்கள் தம்மை மாற்றி அடுக்கிக்கொண்டு, மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அமர்கின்றன. ஆஸ்டினைட் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பு மொத்தத்தில் பெர்ரைட்டைவிட நெருக்கமானது. ஆயினும் அதன் ஒவ்வொரு தனி இடைவெளியும் பெரியது. அதனால் 925 டிகிரி அளவில் அது ஒரு சதவீதத்துக்கும் மேற்பட்ட கார்பனைத் தனக்குள் ஏற்றுக்கொள்கிறது. கார்பன் ஏற்றும் உலைகள் பெரும்பாலும் 900 முதல் 950 டிகிரிக்குள் இயங்குவதன் காரணம் இதுவே.

நுழைந்த கார்பன் உள்நோக்கி நகரும் வேகத்துக்கும் ஒரு விதி உண்டு. ஜெர்மானிய உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் 1855இல் கரைசல்களில் உப்பு பரவுவதை ஆராய்ந்து விரவல் விதிகளை வகுத்தார். திண்மமான உலோகத்துக்குள்ளும் அதே விதிகள் செல்லும் என்பதை, லண்டன் அரசு நாணயச்சாலையில் பணியாற்றிய வில்லியம் சாண்ட்லர் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் 1896இல் ஈயத்துக்குள் தங்கம் ஊடுருவுவதை அளந்து நிறுவினார். ஆஸ்டினைட் என்ற பெயர் அவர் நினைவாகவே வழங்குகிறது. ஜாடியில் உப்போடு கிடக்கும் மாங்காயில் தோலுக்கு அருகே உப்பு விரைவாகவும் கொட்டையை நெருங்க நெருங்க மெதுவாகவும் ஏறுவது இவ்விதியின்படிதான். எஃகில் கார்பன் ஏறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைகிறது: 925 டிகிரியில் நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.27 மில்லிமீட்டர் ஆழம் கிடைத்தால், அதை இருமடங்காக்க எட்டு மணி நேரம் போதாது, பதினாறு மணி நேரம் வேண்டும். மேலடுக்கைச் சற்றே தடிமனாக வேண்டும் வடிவமைப்பாளர் உலையின் நேரத்தையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு கேட்கிறார் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியவரும்.

இந்த அறிவு கைகூடும் முன்பே பல நூற்றாண்டுகளாகக் கொல்லர்கள் இரும்பைக் கரித்தூளுக்குள் புதைத்துச் சூடாக்கி எஃகாக்கி வந்தனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தேனிரும்புச் சட்டங்களைக் கல்தொட்டிகளில் கரியோடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மூடி, ஒரு வாரத்துக்கும் மேலாக எரியூட்டி, அதே அளவு காலம் ஆறவிட்டு எடுத்தனர். பிரான்சில் ரெயோமூர் 1722இல் வெளியிட்ட நூலில் கரி, புகைக்கரி, உப்பு எனப் பல பொருள்களைச் சேர்த்துச் செய்த சோதனைகளை முறையாகப் பதிவுசெய்தார். ஆனால் இரும்பை எஃகாக்குவது கார்பனே என்பதை வாந்தர்மோந்து, பெர்த்தொலே, மோங்கு ஆகிய மூவரும் 1786இல் எடுத்துரைக்கும் வரை அது தெளிவாகவில்லை. அதற்குப் பின் 1799இல் கித்தோன் தெ மொர்வோ ஒரு வைரத்தை இரும்போடு சேர்த்துச் சூடாக்கி அந்த இரும்பை எஃகாக்கிக் காட்டினார். வைரம் தூய கார்பன் என்பதற்கும் எஃகில் புகுந்தது கார்பன் என்பதற்கும் ஒருசேரக் கிடைத்த சான்று அது.

கரித்தொட்டியைப் பற்றி எளிதில் விட்டுப்போகும் உண்மை ஒன்று உண்டு. கரித்துண்டு இரும்பைத் தொடும் புள்ளிகள் மிகச் சிலவே. அந்தத் தொடுகையால் மட்டும் கார்பன் ஏறுவதானால் சட்டத்தின் மேற்பரப்பில் திட்டுத்திட்டாகத்தான் எஃகு உருவாகியிருக்கும். தொட்டிக்குள் சிக்கிய காற்றின் ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகிறது. அந்த வாயு இரும்பின் மேற்பரப்பில் பிரிந்து ஒரு கார்பன் அணுவை அங்கே விட்டுவிட்டுக் கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. அது மறுபடி கரியைத் தொட்டு மோனாக்சைடாகித் திரும்ப வருகிறது. கரி வெறும் கிடங்கு, சுமந்துசெல்வது வாயு. ஆக, மனிதர் வாயுமுறையைத் தெரிந்து கையாளத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அது அவர்கள் உலைக்குள் நடந்துகொண்டுதான் இருந்தது.

வாயுவை மட்டுமே கொண்டு எஃகாக்கலாம் என்று துணிந்து காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர், மழைக்கோட்டுத் துணியால் பெயர்பெற்ற ஸ்காட்லாந்து வேதியியலர் சார்லஸ் மாக்கின்டாஷ். இரும்பை மூடிய கலத்துக்குள் வெண்சூடாக்கி, கார்பன் நிறைந்த நிலக்கரி வாயுவை அதன்மேல் செலுத்தும் முறைக்கு 1825இல் அவர் உரிமை பெற்றார். தொட்டியில் இரண்டு வாரம் வரை பிடித்த வேலை இம்முறையில் சில மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அத்தகைய சூட்டில் வாயு கசியாமல் உலையை மூடிவைக்கும் நுட்பம் அக்காலத்தில் கைவராததால் அது தொழிலாக நிலைக்கவில்லை.

இந்த இடத்தில் கதை தென்னிந்தியாவுக்கு வருகிறது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னிந்தியக் கொல்லர்கள் உருக்கு செய்யும் முறையை நேரில் கவனித்து 1839இல் எழுதினார். தேனிரும்புத் துண்டுகளை மண்மூசையில் இட்டு, அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, எருக்கு முதலியவற்றின் பச்சை இலை ஓரிரண்டால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதினார்கள். காற்றுப் புகாத மூசைக்குள் குச்சியும் இலையும் கருகும்போது கார்பன் ஏந்திய வாயு வெளிப்படுகிறது, அதுவே இரும்பை இவ்வளவு விரைவில் எஃகாக்குகிறது என்று ஹீத் விளக்கி, மாக்கின்டாஷின் புதிய காப்புரிமையின் அடிப்படை இந்தக் கொல்லர்களின் பழைய முறையில் ஏற்கெனவே அடங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மூசைக்குள் இரும்பு உருகிக் கார்பன் அதன் முழு உருவத்திலும் கலந்தது. மேற்பரப்பில் மட்டும் ஏற்றுவது வேறு வேலை. ஆயினும் அடைத்த கலம், வாயுவாகும் தாவரப் பொருள், கணக்கிட்ட எடை, கணக்கிட்ட நேரம் என்ற நான்கையும் ஒன்றாகக் கூட்டிய அந்தக் கைவினையறிவு, எந்த உலோகவியல் வரலாற்றிலும் முதல் வரிசையில் வைக்கத்தக்கது.

ஐரோப்பாவில் வாயுமுறை உறுதியாகக் காலூன்றியது போர்க்கப்பல்களின் கவசத் தகடுகளில்தான். அமெரிக்காவின் ஹார்வி கரித்தூளைக் கொண்டு தகட்டின் ஒரு முகத்தை மட்டும் கடினமாக்கினார். 1890களில் ஜெர்மனியின் க்ரூப் ஆலை கரிக்குப் பதிலாகக் கார்பன் நிறைந்த வாயுவைச் செஞ்சூட்டுத் தகட்டின் மேல் செலுத்தி அந்த வேலையை ஆழமாகவும் சீராகவும் செய்தது. கார்த்தொழில் வளர்ந்தபோது அதே அறிவு பற்சக்கரம், அச்சு, பேரிங் ஆகியவற்றுக்கு இறங்கியது.

இன்றைய ஆலைகளில் உலைக்குள் செலுத்தப்படும் அடிப்படை வாயு பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையும் காற்றையும் கலந்து, 1,000 டிகிரிக்கு மேல் சூடான நிக்கல் வினையூக்கியின் ஊடே அனுப்பித் தயாரிக்கப்படுகிறது. எரிவாயு முழுமையாக எரிவதற்குக் காற்று போதாத அளவில் இருப்பதால், ஏறத்தாழ 40 சதவீதம் நைட்ரஜன், 40 சதவீதம் ஹைட்ரஜன், 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கொண்ட கலவை கிடைக்கிறது. சிறிய பட்டறைகளின் குழி உலைகளில், அதாவது பிட் ஃபர்னஸ்களில், மெத்தனால் சொட்டுச்சொட்டாக விடப்பட்டு அங்கேயே வாயுவாகிறது. இவற்றோடு சிறிதளவு மீத்தேனோ புரொப்பேனோ சேர்த்துக் கார்பனின் வரவைக் கூட்டுகிறார்கள்.

இங்கே இந்தத் தொழிலின் உயிர்நாடியான கருத்து வருகிறது. வாயு கார்பனைக் கொடுக்க மட்டுமே செய்யும் என்பதில்லை. சூழல் மாறினால் அதே வாயு எஃகிலிருந்து கார்பனைப் பறித்துக்கொள்ளவும் செய்யும். மேலே சொன்ன வினை இருதிசையிலும் ஓடக்கூடியது: கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் கார்பன் உள்ளே செல்கிறது, கார்பன் டைஆக்சைடோ நீராவியோ மிகுந்தால் வெளியேறுகிறது. கொடுப்பதும் எடுப்பதும் சமமாகி நிற்கும் நிலையில் எஃகின் மேற்பரப்பில் எத்தனை சதவீதம் கார்பன் இருக்குமோ அதுவே அந்த வாயுவின் கார்பன் பொடென்ஷியல் எனப்படும். பற்சக்கரங்களுக்கு அது 0.8 அல்லது 0.9 சதவீத அளவில் இறுதியில் நிற்க வேண்டும். மிகுந்துவிட்டால் எஃகின் படிகமணிகளின் ஓரங்களில் கார்பைடு வலைப்பின்னலாகப் படிந்து விளிம்புகள் உதிர்கின்றன. உலைக்குள் புகைக்கரி படிந்து வாயு பொருளைத் தொடுவதே தடைபடுகிறது. குறைந்துவிட்டால் எட்டு மணி நேரம் உலையில் கிடந்த பொருளும் மென்மையான தோலோடு வெளியே வருகிறது. அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சிர்கோனியா ஆக்சிஜன் உணரியும் அகச்சிவப்பு அளவியும் இந்த நிலையைத் தொடர்ந்து காட்டுகின்றன என்றாலும், அவற்றின் சொல் மெய்தானா என்று சரிபார்க்கப் பட்டறைகள் நம்புவது மிக எளிய ஒரு சோதனையை. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேற்படாத தடிமனுள்ள மென்னெஃகுத் தகட்டு நறுக்கு ஒன்றை எடுத்து, அசிட்டோனில் துடைத்து, மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் எடைபோட்டு, ஒரு கம்பியின் முனையில் மாட்டி உலையின் சிறுதுளை வழியே உள்ளே நீட்டுகிறார்கள். தகடு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அரை மணி நேரத்துக்குள் கார்பன் அதன் ஊடே முழுவதும் நிறைந்து, வாயுவோடு சமநிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு அதைத் துளையின் குளிர்ந்த பகுதிக்கு இழுத்து, காற்றுப் படாமல் ஆறவிட்டு, மீண்டும் எடைபோடுகிறார்கள். முதலில் 0.08 சதவீதம் கார்பனோடு சரியாக ஒரு கிராம் இருந்த தகடு 7.5 மில்லிகிராம் கூடியிருந்தால், வாயுவின் கார்பன் பொடென்ஷியல் ஏறத்தாழ 0.82 சதவீதம். விரல் நுனி எண்ணெய் பட்டாலே கணக்குப் பிழைக்கும் என்பதால் தகட்டை இடுக்கியால் மட்டுமே தொடுவார்கள்.

கார்பன் ஏறிய எஃகு இன்னும் கடினமாகிவிடவில்லை. உலையிலிருந்து எண்ணெய்க்குள் இறங்கும் அந்தச் சில வினாடிகளில்தான் அது கடினமாகிறது. மெல்ல ஆறினால் கார்பன் அணுக்கள் விலகிச் சென்று தனியே சேர்ந்துகொள்ளும். சட்டென்று குளிரும்போது அவற்றுக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆஸ்டினைட் கலைந்து பழைய அமைப்புக்குத் திரும்ப முயல்கிறது. இடைவெளிகளில் சிக்கிய கார்பன் அதைத் திரும்பவிடாமல் நீட்டித் திரிக்கிறது. இப்படித் திரிந்து விறைத்த அமைப்பே மார்ட்டன்சைட். ஜெர்மானிய உலோகவியலர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயர் கொண்டது. வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பளுவோடு அழுத்தி அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் ராக்வெல் சி அளவையில், இப்படிப்பட்ட மேலடுக்கு 58 முதல் 62 வரை காட்டுகிறது. பிறகு 150 முதல் 200 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைத்து அதன் விறைப்பைச் சற்றே தணிப்பது டெம்பரிங்.

இந்த மாற்றத்தில் மறைந்திருக்கும் ஒரு நன்மை, கடினத்தைவிடவும் மதிப்பு மிக்கது எனலாம். ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டாகும்போது கன அளவு சற்றுக் கூடுகிறது. கார்பன் மிகுந்த எஃகில் அந்த மாற்றம் தாழ்ந்த வெப்பநிலையில்தான் தொடங்குகிறது. அதனால் தோலுக்கு முன்பாகவே உட்பகுதி மாறி முடிந்துவிடுகிறது. கடைசியாக மாறி விரிய முயலும் தோலை, ஏற்கெனவே உறுதியாகிவிட்ட உட்பகுதி விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முடிவில் மேலடுக்கு முழுவதும் நிரந்தரமாக ஒரு உள்ளழுத்தத்தில் நெருக்குண்டு நிற்கிறது. பல் வளையும்போது அதன் வேரில் உருவாகும் இழுவிசை, விரிசலைத் திறப்பதற்கு முன் இந்த நெருக்கத்தை வென்றாக வேண்டும். கோடிக்கணக்கான சுழற்சிகளுக்குப் பிறகும் பற்சக்கரம் சோர்வால் முறியாமல் நிற்பதற்கு இதுவே பெருங்காரணம்.

ஆனால் கன அளவு மாறுவதும், ஒரு பகுதி முந்தியும் மற்றொன்று பிந்தியும் குளிர்வதும் பொருளைக் கோணச் செய்கின்றன. நீண்ட அச்சுகள் வளைகின்றன, வளையங்கள் நீள்வட்டமாகின்றன. பற்களைத் திரும்பச் சாணைபிடிக்க வேண்டியிருக்கிறது, அரும்பாடுபட்டு ஏற்றிய மேலடுக்கில் ஒரு பங்கு அப்போது துகளாகப் போகிறது. இன்னொரு குறையும் உண்டு: கார்பன் மோனாக்சைடிலும் நீராவியிலும் ஆக்சிஜன் இருப்பதால், எஃகில் கலந்துள்ள குரோமியம், மாங்கனீசு, சிலிக்கான் ஆகியவை படிகமணிகளின் ஓரங்களில் நூறில் ஓரிரு பங்கு மில்லிமீட்டர் ஆழம் வரை ஆக்சைடாகி, விரிசலுக்கு வித்திடுகின்றன. வெற்றிட உலையில் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் அசிட்டிலினை விட்டுவிட்டுச் செலுத்தும் புதிய முறையில் ஆக்சிஜனுக்கே இடமில்லை. உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜனைப் பாய்ச்சியே குளிர்விப்பதால் கோணலும் குறைகிறது. உலையின் விலைதான் அதன் பரவலைத் தடுத்து நிற்பது.

கோணலை அறவே தவிர்க்க விரும்பியவர்களுக்குக் கிடைத்த வழி நைட்ரஜன். அமெரிக்காவின் நியூஜெர்சியில் அடால்ஃப் மாக்லெட் அம்மோனியா வாயுவில் எஃகைச் சூடாக்கி நைட்ரஜன் ஏற்றும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் க்ரூப் ஆலையின் அடால்ஃப் ஃப்ரை, அலுமினியமும் குரோமியமும் கலந்த எஃகில்தான் இம்முறை முழுப் பயன் தரும் என்பதைக் கண்டு, 1920களில் அதற்கென்றே தனி எஃகு வகைகளை உருவாக்கினார். இங்கே நைட்ரஜன் வாயுவை நேராகப் பயன்படுத்த முடியாது. அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகியிருப்பதால் 500 டிகிரியில் அது செயலற்று நிற்கிறது. அம்மோனியாவோ சூடான இரும்பைத் தொட்டதும் சிதைகிறது. பிரிந்த நைட்ரஜன் அணு தனக்கொரு துணையைத் தேடிக்கொள்வதற்கு முன் உள்ள மிகக் குறுகிய கணத்தில் எஃகுக்குள் நுழைகிறது. உள்ளே அது அலுமினியத்தோடும் குரோமியத்தோடும் சேர்ந்து மிக நுண்ணிய நைட்ரைடு துகள்களாகிப் படிக அமைப்பை இறுக்குகிறது. தோய்ச்சலே தேவையில்லை, 500 முதல் 550 டிகிரியில் எஃகின் அடிப்படை அமைப்பு மாறுவதும் இல்லை. ஆகவே சாணைபிடித்து முடித்த பொருளை அப்படியே உலையில் வைத்து, அதே அளவோடு எடுத்துவிடலாம். அளவு கூடினால் அதுவும் நூறில் ஓரிரு பங்கு மில்லிமீட்டருக்குள்தான்.

விலை, காலத்தில் செலுத்தப்படுகிறது. அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கலாம். ஆனால் கிடைக்கும் கடினம் கார்பன் ஏற்றியதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதோடு, 200 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கும் கார்பன் மேலடுக்கைப் போலன்றி இது 500 டிகிரியை நெருங்கும்வரை தாங்கும். அலுமினியத்தைச் சூட்டில் பிதுக்கி வடிக்கும் அச்சுகளும், எஞ்சின்களின் கிராங்க்‌ஷாஃப்டுகளும் நைட்ரைடிங் எனப்படும் இந்த முறைக்கு அனுப்பப்படுவது இதனால்தான்.

அம்மோனியாவில் எவ்வளவு சிதைந்தது என்பதை அளக்கும் கருவி, கார்பன் பட்டறையின் தகட்டு நறுக்கைவிடவும் எளிமையானது. கோடுகள் பொறித்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் உலையிலிருந்து வெளிவரும் வாயுவை நிரப்பி இருபுறமும் அடைத்து, மேலேயுள்ள கிண்ணத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். சிதையாத அம்மோனியா தண்ணீரில் உடனே கரைந்துவிடுவதால் அது இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. கரையாத ஹைட்ரஜனும் நைட்ரஜனும் மேலே எஞ்சி நிற்கின்றன. எஞ்சிய வாயுவின் கோட்டைப் படித்தால் சிதைவின் சதவீதம் தெரிந்துவிடும். அது குறைவாக இருந்தால் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் குவிந்து, மேற்பரப்பில் இரும்பு நைட்ரைடாலான ஒரு தனிப்படலம் தடித்து வளர்கிறது. அமிலம் தொட்டு நுண்நோக்கியில் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிவதால் வெள்ளைப் படலம் எனப்படும் அது, நொறுங்கி உதிரக்கூடியது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கார்ல் ஃப்ளோ இதற்கு வகுத்த இருகட்ட முறையில், முதற்கட்டத்தில் 15 முதல் 35 சதவீதச் சிதைவில் மேற்பரப்பை நைட்ரஜனால் நிறைத்து, அடுத்த கட்டத்தில் சூட்டைச் சற்று ஏற்றிச் சிதைவை 65 முதல் 85 சதவீதமாக்கி வரவைக் குறைக்கிறார்கள். புதிதாக வருவது குறைய, ஏற்கெனவே வந்தது உள்ளே இறங்க, வெள்ளைப் படலம் மெலிகிறது.

வாயுவுக்கும் எஃகுக்கும் உள்ள உறவின் மறுபக்கத்தை ஜெர்மானிய வேதியியலர் கார்ல் பாஷ் அறிந்தது ஒரு கசப்பான அனுபவத்தில். காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் ஹாபரின் முறையை ஆலைக்குக் கொண்டுவரும் முயற்சியில், தடித்த எஃகில் செய்த சோதனைக் கலங்கள் எண்பது மணி நேர இயக்கத்துக்குப் பிறகு வெடித்தன. உயர் அழுத்தத்தில் இருந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதன் கார்பனைப் பிடுங்கிக்கொண்டு போனதை அவர் நுண்நோக்கியில் கண்டார். பறிபோகக் கார்பனே இல்லாத மெல்லிரும்பை உட்சுவராக வைத்து, அதன் ஊடே கசியும் ஹைட்ரஜன் வெளியேற வெளிச்சுவரில் சிறுதுளைகள் இட்டதே அவர் கண்ட தீர்வு.

கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்தே ஏறும் முறைகளும் உண்டு. தகட்டைத் தாமே துளைத்து இறங்கும் திருகாணிகள் முதலிய சிறுபொருள்களுக்குக் கார்பன் வாயுவோடு சிறிது அம்மோனியாவைக் கலந்து 850 டிகிரி அளவில் சூடாக்கித் தோய்க்கிறார்கள். இதனினும் சாதாரண வாழ்வுக்கு நெருக்கமானது 570 டிகிரியை ஒட்டிச் செய்யப்படும் நைட்ரோகார்பரைசிங். விலையுயர்ந்த கலப்பு எஃகு இதற்குத் தேவையில்லை. மிகச் சாதாரண எஃகிலும் வார்ப்பிரும்பிலும் சில மணி நேரத்தில் நூறில் ஓரிரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள நைட்ரைடு படலம் உருவாகிவிடுகிறது. நைட்ரைடிங்கில் தொல்லையாக இருந்த அந்த வெள்ளைப் படலமே இங்கு நாடிப் பெறும் பயன்: மெல்லியதாகவும் சிறிது கார்பன் கலந்ததாகவும் இருக்கும்போது அது உரசலைத் தாங்குகிறது, துருவையும் தடுக்கிறது. வார்ப்பிரும்பாலான பிரேக் டிஸ்குகள் மழையில் ஓரிரவு நின்றாலே செந்நிறமாகத் துருப்பிடிப்பவை. இப்படிப் பதப்படுத்தியவை துருவையும் தேய்மானத்தையும் நெடுநாள் தாங்குகின்றன.

துருப்பிடிக்காத எஃகு இவ்வழிகளுக்கு நெடுநாள் இணங்கவில்லை. அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் வாயுவைத் தடுத்தது. சூட்டைக் கூட்டி வலிந்து ஏற்றினால் குரோமியம் கார்பைடாகவும் நைட்ரைடாகவும் மாறி, துருத்தடுப்பே போயிற்று. வாயுவால் அந்தப் படலத்தை முதலில் நீக்கி, 450 டிகிரிக்கும் கீழே பல மணி நேரம் பொறுமையாக ஏற்றினால், குரோமியம் நகர இயலாத அந்தச் சூட்டிலும் சிறிய கார்பன் அணுவால் நகர முடிகிறது. துருத்தடுப்பு கெடாமலே தோல் பன்மடங்கு கடினமாகிறது. 1980களிலிருந்து வளர்ந்துவரும் இம்முறை வால்வுகளிலும் குழாய் இணைப்புகளிலும் இடம்பிடித்திருக்கிறது.

வாயுமுறை பரவியதால் நேர்ந்த நன்மைகளில், வேலைசெய்பவர்களின் உடல்நலம் தொடர்பானது தனியே சொல்லத் தக்கது. இதே வேலையை முன்பு உருகிய சயனைடு உப்புத் தொட்டிகளில் செய்தனர். முறை விரைவானது, மலிவானது, ஆனால் தொட்டியும் அதைக் கழுவிய தண்ணீரும் உயிர்க்கொல்லி நஞ்சு. ஒரு தொட்டியின் உப்புக் கழிவு கிணற்றையும் ஓடையையும் கெடுக்கப் போதுமானது. அந்த இடத்தில் அம்மோனியாவையும் கார்பன் வாயுக்களையும் வைத்தது பெரும் முன்னேற்றம்.

அதற்காக வாயு உலை ஆபத்தற்றது என்று எண்ணிவிடக் கூடாது. அடிப்படை வாயுவில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் கலந்தாலும் உணரத்தக்க எச்சரிக்கை பெரும்பாலும் தராது. ஹைட்ரஜனோடு சேர்ந்த அது காற்றோடு கலந்தால் வெடிக்கும். 760 டிகிரிக்கு மேல் சூடான உலைக்குள் நுழையும் வாயு காற்றைக் கண்டதும் எரிந்துபோகும். அதற்குக் கீழே எரியாமல் சேர்ந்து நின்று, ஒரு பொறி கிடைத்ததும் உலையையே பிளந்துவிடும். ஆகவே கார்பன் ஏற்றும் உலையில் அந்தச் சூட்டைத் தொடும் முன் இந்த வாயுவை உள்ளே விடக் கூடாது என்பது விதி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வாசல் முழுவதும் தீத்திரை எழுந்து காற்றைத் தடுக்கிறது; வெளியேறும் வாயுவை எரிக்கச் சிறு சுடர் ஒன்று எப்போதும் ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்று உலை குளிரத் தொடங்கினால் உலையின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு நைட்ரஜனை உள்ளே செலுத்தி எரிவாயு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அதற்குப் போதுமான நைட்ரஜன் சிலிண்டர்கள் நிரம்பிய நிலையில் உலைக்கு அருகே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் பார்ப்பது, கார்பன் பொடென்ஷியலைப் பார்ப்பதற்கும் முந்திய வேலை.